மூன்று கரண்டி மெழுகு

கொளஞ்சியப்பனுக்குத் தாடி என்றாலே ஆகாது. ஒரு நாள் மழிக்காமல் விட்டாலும் முகமே கழுவாத மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொள்வான். அப்பேர்ப்பட்டவன் மாசி மாதத்திலிருந்து முகத்தில் கத்தியே வைக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் அவன் பெண்டாட்டி சந்திரலேகாவின் வயிறு.

பெண்டாட்டி மாசமாகி ஆறாம் மாதம் தொடங்கிவிட்டால், பிள்ளை பிறக்கிறவரை புருஷன்காரன் சவரம் பண்ணக் கூடாது, முடி வெட்டக் கூடாது, பிணத்துக்குத் தோள் கொடுக்கக் கூடாது. எங்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஏன், எதற்கு என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. மீறிப் பார்க்கிற தைரியமும் ஒருத்தருக்கும் கிடையாது. கொளஞ்சி மீறினான். வேண்டுமென்று மீறவில்லை, வேலை அப்படி. கடலூருக்குத் தெற்கே ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். கேஸ் கசிந்தால் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு ரப்பர் மாஸ்க் உண்டு. முகத்தில் முடி இருந்தால் அது சரியாக ஒட்டாது என்பதால் மழுமழுவென்று மழித்துக்கொண்டுதான் கேட்டுக்குள் நுழைய வேண்டும். மழித்தான். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஏழாம் மாதத்தில், கையும் காலும் முழுசாக, மூச்சில்லாமல் வந்தது.

"ரெண்டு தடவ செரச்சான், ரெண்டு தடவயும் போச்சு. மூணாவது தடவயும் கத்திய எடுத்தான்னா நான் அவன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று அவன் அம்மா விருத்தாம்பாள் மங்கலம்பேட்டையிலிருந்து போனில் கத்தினாள்.

டாக்டரம்மா வேறு காரணம் சொன்னார். கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருக்கிறது, தையல் போட வேண்டும் என்றார். தையலும் போட்டார்கள். சந்திரலேகா தையலை நம்பினாளா, தாடியை நம்பினாளா என்று கேட்டால், இரண்டையும் நம்பினாள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பகுத்தறிவு பேசாதீர்கள். அவள் கையில் எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறப் பார்ப்பாள். ஆணா பெண்ணா என்ற பேச்சைக்கூட இந்த முறை இருவரும் எடுக்கவில்லை. உயிரோடு வந்தால் போதும்.

தாடி வளர்ந்தது, கூடவே அரிப்பும் வளர்ந்தது. அவர்கள் குடியிருந்த கடலூர் முதுநகரில் கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்துகொள்ள, தாடைக்குக் கீழே சிவந்து பொரிந்துபோனது. சோறு தின்னும்போதுகூட இடது கை தாடையைப் பறண்டிக்கொண்டே இருக்கும்.

"கொரங்கு மாதிரி சொறியாத மாமா, பாக்கவே சகிக்கல" என்று திட்டிவிட்டு, சந்திரலேகா போனை எடுத்து வழி தேடினாள்.

தாடி எண்ணெயை வீட்டிலேயே செய்வது எப்படி என்று எண்ணி மாளாத வீடியோக்கள். ஒருத்தன் ஜோஜோபா என்கிறான், இன்னொருத்தி ஆர்கான் என்கிறாள். அட கண்றாவியே! முதுநகர் மளிகைக் கடையில் போய் நின்று, ஜோஜோபா கால் கிலோ கொடுங்கண்ணே என்று கேட்க முடியுமா? அவள் போனை மூடி வைத்துவிட்டுத் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

செக்குத் தேங்காயெண்ணெய் ஒரு டம்ளர், அதில் பாதி நல்லெண்ணெய், இரண்டு கரண்டி விளக்கெண்ணெய். கருஞ்சீரகத்தை ஒன்றிரண்டாகத் தட்டிக்கொண்டாள். கறிவேப்பிலையை அலசி, ஈரம் போக ஒரு நாள் நிழலில் உலர்த்தினாள். ஈரம் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் வாடை அடித்துவிடும். எல்லாவற்றையும் இரும்புச் சட்டியில் போட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்து, கறிவேப்பிலை மொறுமொறு என்று ஆகிறவரை வயிற்றைத் தாங்கிக்கொண்டு பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இறக்கியதும் ஒரு பிடி வெட்டிவேர் போட்டு மூடி வைத்தாள். மறுநாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டியபோது பச்சை கலந்த பொன்னிறத்தில் இறங்கியது. உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து, தாடிக்குள் விரலை விட்டு அடித்தோலில் படும்படி தடவினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னா வாசன புள்ள! நாளைக்குக் கம்பெனில எல்லாரும் என்ன மோந்து பாக்கப் போறானுவ."

நாலே நாளில் அரிப்பு நின்றது. ஒரு குறைதான். வியர்க்க வியர்க்க எண்ணெய் கழுத்தில் வழிந்து சட்டைக் காலரைப் பாழாக்கியது. அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கித் துருவி, கொதிக்கிற தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, எண்ணெயில் ஒரு கரண்டி கலந்தாள். ஆறியதும் அது வெண்ணெய்ப் பதத்துக்கு வந்தது. தடவினால் முடி படிந்து, படிய வைத்த இடத்திலேயே நின்றது. இப்படியாக அந்த மெழுகு அவர்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் கொஞ்ச நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, விஷயம் தெரியும். பங்குனி பிறந்ததும் கூப்பிட்டுவிட்டார். "மாஸ்க் டெஸ்ட்ல பாஸ் ஆனா வேல செய். இல்லன்னா கொழந்த பொறக்கற வரைக்கும் வீட்ல இரு. வேற செக்‌ஷன்ல எடமில்ல" என்று சொல்லிவிட்டார். டெஸ்ட் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அதன் ஃபில்டரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை இழுக்க வேண்டும். காற்று எங்கேயும் புகாமல் மாஸ்க் முகத்தோடு உறிஞ்சி ஒட்டிக்கொண்டால் பாஸ். கான்ட்ராக்ட் ஆள் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான், அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

டெஸ்ட் முடிந்த அன்று கொளஞ்சி வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தான்.

"ஒட்டிகிச்சு புள்ள! மாஸ்க்கு அப்படியே ஒட்டிகிச்சு! ஓன் மெழுகுதான் காப்பாத்துச்சு. தாடியெல்லாம் வழவழன்னு படிஞ்சி, ரப்பரு கப்புனு புடிச்சிகிச்சு. ஆபீசரே ஆடிப்போயிட்டாரு."

சந்திரலேகாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. முன்னால் போனால் கடிக்குது, பின்னால் போனால் உதைக்குது என்று கிடந்த காரியத்துக்குத் தன் அடுப்பில் வழி பிறந்துவிட்டதே! பிள்ளையும் நிற்கும், வேலையும் நிற்கும். கொளஞ்சியப்பர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். மெழுகு ஒட்டுவது முடியோடுதான், முகத்தோடு இல்லை என்று அவளுக்கு யார் சொல்வது? டெஸ்ட் நடந்தது ஏ.சி. அறையில் என்பது அவனுக்கும் உறைக்கவில்லை.

தாடி இன்னும் நீண்டது. ஒரு கரண்டி மெழுகு போதாமல் இரண்டு ஆனது. வளைகாப்பு முடிந்து சந்திரலேகா சிதம்பரத்தில் தன் அம்மா தங்கம்மாள் வீட்டுக்கு வந்தபோது மூன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் கொளஞ்சி பஸ் பிடித்து வருவான். காலி டப்பாவைக் கொடுத்து நிறைந்த டப்பாவை வாங்கிக்கொள்வான். கடைசி ஞாயிறு வந்தபோது டாக்டரம்மா குறித்த தேதிக்குப் பதினைந்து நாள் இருந்தது.

"இன்னும் ரெண்டே வாரம். பொறந்த அன்னிக்கே சலூன்ல போயி உக்காந்துடுவேன், பாத்துக்க" என்றான். அவள் டப்பாவை அழுத்தி மூடி, பஸ்ஸில் சாயாமல் இருக்கத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

புதன்கிழமை மத்தியானம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சந்திரலேகா சாப்பிட்டுப் படுத்திருந்தபோது போன் வந்தது. கொளஞ்சியோடு வேலை செய்யும் அந்தோணிசாமி. குரலே சரியில்லை. "தங்கச்சி, பயப்படாத. கேஸ் கொஞ்சம் லீக் ஆயிடுச்சு. மச்சான கடலூர்ல காமிச்சோம், அங்க நுரையீரல் டாக்டர் இல்லையாம். சிதம்பரத்துக்கே கொண்டாந்துகினு இருக்கோம். நீ அம்மாவ கூட்டிகினு ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்றான். பயப்படாதே என்று யாராவது போன் பண்ணினால் பயப்பட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கொளஞ்சியை ஐ.சி.யு.வுக்குள் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் அந்தோணிசாமி உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. சந்திரலேகாவைப் பார்த்ததும் அவனே சொன்னான்.

"வால்வாண்ட கேஸ் வந்துகினு இருந்துச்சு தங்கச்சி. யாராவது போயி மூடியாவணும். மச்சான் நான் போறேன்னான். மாஸ்க்க மாட்டி, கையால பொத்தி இழுத்துப் பாத்துட்டுதான் போனான், நல்லா ஒட்டிகினுதான் இருந்துச்சு. இந்த வெயில்ல அந்த எடத்துல நிக்கவே முடியாது. தாடியில என்னமோ பூசியிருந்தான் இல்ல, அது வேர்வையில எளகி, மாஸ்க்கு வழுக்கிகினு எறங்கிடுச்சு. கையால தூக்கித் தூக்கிப் புடிச்சிருக்கான். ஒரு கையில மாஸ்க்கு, ஒரு கையில வால்வு. மூடிட்டுதான் வெளிய வந்தான்."

அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதைச் செய்தது யார் என்றே அவனுக்குத் தெரியாது. சந்திரலேகாவுக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. ஒரு கரண்டியோடு நிறுத்தியிருக்கலாமே. அந்த மெழுகு இல்லாவிட்டால் டெஸ்ட்டில் தோற்று வீட்டில் உட்கார்ந்திருப்பானே. வேலை போனால் போகட்டும் என்று ஒரு வார்த்தை தன் வாயில் வரவில்லையே. என்னென்னவோ நினைத்தாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

சாயங்காலம் விருத்தாம்பாள் வந்து சேர்ந்தபோதுதான் டாக்டர் வெளியே வந்தார். "நுரையீரல்ல நீர் கோத்துகிட்டு வருது. அழுத்தமா ஆக்ஸிஜன் கொடுக்கற மாஸ்க் வெச்சிருக்கோம். தாடி வழியா காத்து பூரா வெளிய போயிடுது. உடனே முழுசா மழிக்கணும். அவரு விட மாட்டேங்கறாரு. வீட்ல நீங்க சரின்னு சொன்னா பண்ணிடலாம்" என்றார்.

"எடுத்துடுங்க சார்" என்றாள் விருத்தாம்பாள். ஒரு நொடி யோசிக்கவில்லை. "தாடி என்னா சார், தலைய வேணா மொட்ட அடிங்க. எம் புள்ளைக்கு மூச்சு வந்தா போதும்."

"வேணாம்" என்றது இன்னொரு குரல். அது தன் குரல் என்று சந்திரலேகாவுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. இன்னும் பன்னிரண்டு நாள்தானே. இரண்டு பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கியவள் அவள். மழிக்கணும் என்றதும் வயிறு பயந்துவிட்டது, வாய் முந்திக்கொண்டது.

விருத்தாம்பாள் திரும்பி மருமகளைப் பார்த்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. "ஏம்மா" என்றாள். "அவன் எம் புள்ளம்மா."

சந்திரலேகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எடுத்துடுங்க சார், எடுத்துடுங்க. தெரியாம சொல்லிட்டேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகச் சாகும்வரை தன்னை அவள் மன்னிக்கப் போவதில்லை.

நர்ஸ் வினோதினி ரேசரோடு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு அட்டை. பேச முடியாததால் எழுதிக் காட்டச் சொல்லிக் கொடுத்திருந்த அட்டை அது.

"கையப் புடிச்சுத் தள்றாருக்கா. மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கறாரு. இத எழுதிக் காட்றாரு."

கோணல்மாணலாக எழுதியிருந்தது: குழந்தை பொறந்த பிறகு.

வினோதினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இந்த ஊரில் யாருக்குத்தான் புரியாது. "கையக் கட்டிட்டுக்கூட பண்ணலாம்க்கா. ஆனா மொரண்டு புடிச்சா மூச்சு இன்னும் ஜாஸ்தி வாங்கும். நேரமில்ல" என்றாள்.

சந்திரலேகா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "நான் வந்திருக்கறது அவருக்குத் தெரியுமா?"

"நீங்கதான் இன்னும் உள்ளயே வரலியேக்கா."

"அப்ப பொறந்துடுச்சுன்னு சொல்லுங்க. இன்னிக்கு மத்தியானமே பொறந்துடுச்சுன்னு சொல்லுங்க."

தங்கம்மாள் "அடி பாவி, வயித்துல வெச்சிகினு அப்படிச் சொல்லாதடி" என்று மகளின் கையைப் பிடித்தாள். சந்திரலேகா கையை உதறிக்கொண்டாள். வினோதினி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு ஆடி நின்றது. அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோது அது மறுபடி திறந்தது.

"ஆணா பொண்ணான்னு கேக்கறாருக்கா. என்னா சொல்லட்டும்?"

அடக் கடவுளே. ஒன்பது மாதத்தில் ஒரு தடவையாவது அவனுக்கு எது ஆசை என்று கேட்டிருக்கக் கூடாதா?

"பொண்ணு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து வினோதினி வெளியே வந்தாள். ஏப்ரனில் முடியும் நுரையும். "முடிஞ்சிதுக்கா. தானா மோவாயத் தூக்கிக் காட்டுனாரு. சலூன்ல உக்கார்ற மாதிரி" என்றவள், கையைத் துடைத்தபடியே, "தாடியில என்னாக்கா அது, பிசுபிசுன்னு? பிளேடே ஏற மாட்டேன்னுடுச்சு. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சும் போவல, நாலு பிளேடு மாத்துனேன்" என்றாள். சந்திரலேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாஸ்க் இப்போது முகத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மூச்சு கொஞ்சம் சீரானது. விடியும்போது டாக்டரே "பரவால்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று பெண்களும் காப்பி குடித்தார்கள்.

ஆனால் சந்திரலேகாவால் உள்ளே போக முடியவில்லை. போனால் வயிற்றைப் பார்த்துவிடுவான். எந்தப் புடவையைக் கட்டி எந்த வயிற்றை மறைப்பது? பிள்ளை பெற்றவள் வேறு வார்டில் படுத்திருக்கிறாள், எழுந்து வர முடியாது என்று விருத்தாம்பாள் உள்ளே போய்ச் சொன்னாள். பாப்பா அவன் ஜாடை என்றாள். மூக்கு அவன் மூக்கு என்றாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அது தனியாக நிற்குமா, கூட்டம் சேர்க்கும். வெளியே வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, "சிரிக்கிறாம்மா" என்று சொல்லிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதாள்.

காலை பத்து மணிக்கு வினோதினி வந்தாள். "உங்களப் பாக்கணுமாம்க்கா. திரும்பத் திரும்ப எழுதறாரு" என்றாள்.

ஐ.சி.யு. கதவின் மேல்பாதியில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. சந்திரலேகா தலையை வாரிக்கொண்டாள். கதவோடு ஒட்டி நின்று, கண்ணாடிக்கு நேராக முகத்தை மட்டும் காட்டினாள். வயிறு இந்தப் பக்கம் கதவின் மேல் அழுந்தியது. வினோதினி கட்டில் திரையை விலக்கினாள். அவன் பார்த்தான். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்தான் தெரிந்தது. வா என்று கையை அசைத்தான். அவள் வர முடியாது என்று தலையை ஆட்டினாள். அவன் இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டி, எங்கே என்று கேட்டான். அவள் கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள், தூங்குகிறது என்று. அவன் சரி என்று தலையசைத்தான். அந்தச் சமயம் வயிற்றுக்குள் இருந்தது புரண்டு கதவை உதைத்தது. அவள் முகத்தைச் சிரித்தபடியே வைத்துக்கொண்டாள். நான்கு எட்டு வைத்தால் அவனைத் தொட்டிருக்கலாம்.

பதினொன்றரைக்கு மேல் உள்ளே ஓட்டமும் நடையுமாக ஆனது. தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். வேறு டாக்டர் வந்தார். திரையை இழுத்துவிட்டார்கள். கண்ணாடி வழியாக அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, விருத்தாம்பாளிடம் போகாமல், நேராகச் சந்திரலேகாவிடம் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே விருத்தாம்பாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வினோதினி கதவைத் திறந்து பிடித்தாள். "இப்ப உள்ள வாங்கக்கா" என்றாள்.

இப்போது போகலாம். இப்போது வயிற்றை யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை. சந்திரலேகா கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து அவன் தலைமாட்டுக்குப் போனாள். குழாயெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று மாதம் வெயில் படாத தாடை மட்டும் வெளுத்து, கன்னத்தில் இரண்டு இடத்தில் பிளேடு கீறியிருந்தது. கல்யாணத்தன்று பார்த்த அதே முகம். தொட்டாள், இன்னும் சூடாகத்தான் இருந்தது. வயிறு இடிக்க இடிக்கக் குனிந்து, அவன் காதருகில் வாயை வைத்தாள்.

"மாமா, பொறக்கல மாமா. பொய் சொன்னேன். இன்னும் உள்ளதான் இருக்குது" என்றாள். "பொண்ணா பையனான்னு எனக்கும் தெரியாது."